குளச்சல் கிடங்கு முதல் திருகோணமலைத் தொட்டிகள் வரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இருப்புப்பாதையில், பாறசாலைக்கு முன்னதாகத் தனுவச்சபுரம் என்றொரு சிறு நிலையம் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தனுவச்சபுரத்தை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. ஆட்சி எல்லை மாறிற்றேயன்றி இருபுறத்து வீடுகளின் வழக்கங்கள் மாறவில்லை. அவற்றுள் ஒன்று, இடவப்பாதி மழை தொடங்குமுன் விறகையும் சிரட்டையையும் கொதும்பையும் தென்னைமட்டையையும் நனையாத இடம் பார்த்து அடுக்கிவைப்பது. அனுபவம் மிக்க பாட்டிமார் எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவிப்பதில்லை. சாய்ப்பில் கொஞ்சம், பரணில் கொஞ்சம், அடுப்பின் மேலே கொஞ்சம் என்று பிரித்துவைப்பார்கள். கூரை ஓரிடத்தில் ஒழுகினாலும் அன்றைய உலை கொதித்தாக வேண்டுமல்லவா?

அரசாங்கக் கோப்புகளைத் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நாம், 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று கனத்த சொல்லொன்றை இதற்கு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு அடுப்பு எப்படியோ, படைக்குக் கிடங்கு அப்படி. வெடிமருந்து, அரிசி, நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் என்று காலத்துக்குக் காலம் கிடங்கிலுள்ள பொருள் மாறிவந்திருக்கிறது. அப்பொருள் ஒரு கணத்தில் எரிந்துபோனால் படையின் கதி என்னாகும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. இக்கேள்விக்கு வரலாறு தந்த விடைகளைத் தேடி நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. தனுவச்சபுரத்திலிருந்து நடக்கக்கூடிய தொலைவிலேயே முதல் விடை கிடக்கிறது. அது குளச்சல் கடற்கரை.

குளச்சல் போரை நாம் யாவரும் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களே. மிளகு வாணிகத்தைத் தம் பிடிக்குள் வைத்திருக்க விரும்பிய ஒல்லாந்தர், மார்த்தாண்டவர்மரின் எழுச்சியைக் கண்டு கலங்கினர். இலங்கையில் அவர்களுடைய ஆளுநராக இருந்தவர் வான் இம்ஹோப். இலங்கையிலிருந்து வந்த ஒல்லாந்தப் படை குளச்சலில் இறங்கி, மரத்தால் காவலரண் அமைத்துக்கொண்டது. 1741இல் திருவிதாங்கூர்ப் படை அவ்வரணை வளைத்தது. உள்ளே இருந்தோர் தொகை சில நூறு. வெளியே சூழ்ந்தோர் பல ஆயிரம். ஆயினும் ஐரோப்பியத் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் எதிரே எண்ணிக்கை ஒன்றினால் மட்டும் வெற்றி கிட்டிவிடாது என்பதை அக்காலத்து இந்தியப் போர்கள் பலவற்றில் காண்கிறோம்.

முடிவை உண்டாக்கியது ஆகஸ்டு மாதத்தில் நேர்ந்த ஒரு தீ. திருவிதாங்கூர்ப் பீரங்கியிலிருந்து சென்ற குண்டொன்று அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயின்மீது விழுந்தது. மூண்ட தீ பக்கத்தில் குவித்திருந்த அரிசி முழுவதையும் தின்றுவிட்டது. மருந்தும் உணவும் ஒரே வேலிக்குள் அடுத்தடுத்து இருந்ததன் விளைவு அது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அம்மாதத்தில் குளச்சல் கடல் எப்படியிருக்கும் என்று மீனவரைக் கேட்டால் சொல்வார்கள். படகை அலை கரையேற விடாது. ஓரிரு நாளில் ஒல்லாந்தர் சரணடைந்தனர். அவர்களுடைய தலைவர் டிலனாய் சிறைப்பட்டார். இதைத் திருவிதாங்கூர் வீரத்தின் வெற்றி என்று கொண்டாடுகிறோம், கொண்டாடத் தக்கதே. குளச்சலில் அதற்கு வெற்றித்தூணும் நிற்கிறது. எனினும் அத்தூணின் நிழலில் எரிந்துபோன ஓர் அரிசிக் கிடங்கும் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. சிறைப்பட்ட டிலனாய் மார்த்தாண்டவர்மரின் ஊழியத்தில் அமர்ந்து, படையைப் பயிற்றி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்று, 1777இல் இறக்கும்வரை இந்நாட்டிலேயே வாழ்ந்தார். புலியூர்க்குறிச்சி அருகேயுள்ள உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் திருத்திக் கட்டி, அதனுள்ளேயே பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைத்தார். அவருடைய கல்லறையும் அக்கோட்டைக்குள்தான் இருக்கிறது. உலைக்களம் என்றால் கரி வேண்டும். கோட்டைக்கு அருகே காடடர்ந்த வேளிமலை இருப்பது தற்செயலாக நேர்ந்த பொருத்தம் என்று நமக்குத் தோன்றவில்லை. குமரிக் கடலோரத்து வட்டக்கோட்டையும், வடக்கே கொச்சி எல்லையிலிருந்த நெடுங்கோட்டை அரண்வரிசையும் அவர் கைபட்டவை. மரவேலிக்குள் எல்லாவற்றையும் ஒருங்கே குவித்துவைத்து இழந்த மனிதர், பின்னர்க் கல்லைக் கொண்டு, நாட்டின் இரு கோடியிலும் தனித்தனியே அரண் எழுப்பினார்.

இனி நூற்றெழுபது ஆண்டுகளைத் தாண்டிச் சென்னைக்கு வருவோம். எம்டன் என்ற சொல்லைத் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் சொல்லுவோம். தனுவச்சபுரத்துச் சந்தையில் மலையாளம் பேசுவோர் மிகப் பெரியதொன்றை 'எமண்டன்' என்பர். ஒரே போர்க்கப்பல் இரண்டு மொழிகளின் வழக்கிலும் குடியேறிவிட்டது. இலங்கையில் சிங்களரிடையேயும் இச்சொல் உண்டு. மூன்று மொழிகளுக்கு ஒரு சொல்லைக் கொடையளித்த கப்பல் உலகில் வேறு இருக்குமா என்பது ஐயமே.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, உலகப்போர் தொடங்கி இரண்டு மாதங்கூட முடியாத வேளை. கார்ல் வான் மூல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியச் சிறு போர்க்கப்பலாகிய எம்டன், சென்னைத் துறைமுகத்துக்குச் சுமார் 3,000 கஜ தூரத்தில் வந்து நின்றது. நகரம் விளக்கொளியில் இருந்தது. கலங்கரை விளக்கமும் அணைக்கப்படவில்லை. கடற்கரையோரம் வெண்மையாகத் தெரிந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் குறிபார்ப்பதற்கு வசதியாக நின்றன. தேடுவிளக்கைப் பாய்ச்சி ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது எம்டன். தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்திலிருந்த வணிகக் கப்பலொன்றும் அடிபட்டது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். கரைப் பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதில் கூறத் தொடங்கியதும் கப்பல் விளக்கணைத்து மறைந்துவிட்டது. எண்ணெய் எரிந்த வெளிச்சம் வெகுதொலைவு கடலிலிருந்தும் தெரிந்தது. சென்னை மக்கள் பல்லாயிரவர் ஊரைவிட்டு வெளியேறினர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது.

இவ்விடத்தில் சிறு விலகல் ஒன்று. திருவனந்தபுரத்தில் பிறந்த நாஞ்சில் நாட்டுத் தமிழர் செண்பகராமன் பிள்ளை அன்றிரவு எம்டனில் இருந்தார் என்று நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்து, அடுத்துப் பெர்லினுக்குச் சென்றவர். கப்பலில் இருந்ததற்குச் சான்று இல்லை. ஐரோப்பாவில் அவர் செய்த பணியே அவருக்குப் போதிய புகழ் தரும். வங்கக் கடலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

எம்டனின் கதையில் நாம் பெரும்பாலும் கவனியாத பகுதி அக்கப்பலின் சொந்த அடுப்பு. பிறருடைய எண்ணெயை எரித்த அக்கப்பல் நிலக்கரியில் ஓடியது. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகமும் இல்லை. கரி எடுக்க ஒரு கிடங்கும் இல்லை. ஆகவே கரி சுமந்த துணைக்கப்பலொன்றை உடன் கொண்டுவந்தது. எதிர்ப்பட்ட கரிக்கப்பல்களையும் பிடித்துத் தன் களஞ்சியமாக ஆக்கிக்கொண்டது. அவற்றுள் புரெஸ்க் என்னும் பிரிட்டிஷ் கப்பல் உயர்தரக் கரியோடு பிடிபட்டது. ஆங்கிலேயர் கடற்படைக்கென்று அனுப்பிய கரியைக் கொண்டே ஆங்கிலேயர் கப்பல்களைத் துரத்தியது எம்டன்! ஆனால் கடலின் நடுவே கரி ஏற்றுவது பெரும்பாடு. மாலுமிகள் கூடையும் சாக்குமாய்ச் சுமந்து, கப்பல் முழுதும் கருந்தூசி படிய, மணிக்கணக்காக உழைக்க வேண்டும். அவ்வேளையில் பகைவன் வந்தால் தப்ப வழியில்லை. 1914 நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது, அந்நிலையத்தார் முந்திக்கொண்டு அனுப்பிய செய்தியால் ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி விரைந்து வந்து எம்டனை முடித்தது.

அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தது. எண்ணெயால் வேகம் கூடும். கரி தள்ளும் ஆட்கள் வேண்டாம். குழாய் வழியே சில மணி நேரத்தில் நிரப்பலாம். ஆனால் வேல்ஸ் நாட்டில் தோண்டத் தோண்டக் கரி கிடைத்த பிரிட்டனுக்குச் சொந்த மண்ணில் எண்ணெய் இல்லை. கடற்படை அமைச்சராயிருந்த சர்ச்சில் 1913இல் பாராளுமன்றத்தில், ஒரு நாட்டையோ ஒரு வழியையோ ஓர் எண்ணெய்வயலையோ மட்டும் நம்பக்கூடாது என்ற கருத்தை வற்புறுத்தினார். மறு ஆண்டு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை அரசாங்கம் வாங்கிற்று. அபாதானிலிருந்து புறப்படும் எண்ணெய்க்குக் கிழக்கே ஓர் உறைவிடம் வேண்டும். அவ்வுறைவிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது திருகோணமலை.

திருகோணமலையின் இயற்கைத் துறைமுகத்தைப் புகழாத மாலுமி இல்லை. அதன் சீனக்குடாப் பகுதியில், ஏறக்குறைய 850 ஏக்கர் காட்டுநிலத்தில், நூற்றுக்குச் சற்று மேற்பட்ட இரும்புத் தொட்டிகளை ஆங்கிலேயர் எழுப்பினர். ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் எண்ணெய் கொள்ளும். ஒரே பெருந்தொட்டியாகவோ, கரையோரத்தில் வெண்மையாக வரிசைகட்டியோ அவை நிற்கவில்லை. மரங்களுக்கிடையே, ஒன்றின் தீ மற்றொன்றைத் தொடாத தொலைவில், சிதறி நின்றன. சென்னைக் கடற்கரையின் பாடத்தை அமைத்தோர் மனத்தில் வைத்திருந்தார்களோ இல்லையோ, அப்பாடம் அங்கே இரும்பில் எழுதப்பட்டிருந்தது.

அதற்குச் சோதனை 1942 ஏப்ரலில் வந்தது. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோ, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்து ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பையும், 9ஆம் நாள் திருகோணமலையையும் தாக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலை வானில் தோன்றின. முன்னெச்சரிக்கை பெற்றுக் கப்பல்கள் துறைமுகத்தைவிட்டு விலகியிருந்தும், விமானந்தாங்கியாகிய ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தொட்டியொன்றின்மீது மோதியதாகவும் அது பல நாள் எரிந்ததாகவும் சொல்வர்; உருகி வளைந்த அதன் இரும்பு பின்னரும் அவ்விடத்தே கிடந்தது. ஆனால் எரிந்தது ஒரு தொட்டி. ஏனையவை நின்றன.

பேர்ல் துறைமுகத்தில் நகுமோ செய்த தவறு இதனினும் பெரிது. அங்கே 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் திறந்தவெளித் தொட்டிகளில் இருந்தது. கப்பல்களைக் குறிவைத்த விமானங்கள் அத்தொட்டிகளைத் தொடவில்லை. அவை அழிந்திருந்தால் போர் மேலும் இரண்டாண்டு நீண்டிருக்கும் என்று அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் பின்னாளில் கருதினார். எண்ணெய்க்காகவே போரில் இறங்கிய ஜப்பான், பகைவனின் எண்ணெயைக் குறிக்கோளாகக் கொள்ளாதது வியப்புக்குரியது. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியதல்லவா ஜப்பானைச் சுமத்திரா நோக்கி விரட்டியது? 1942 பிப்ரவரியில் அந்நாடு பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளைக் கைப்பற்றிற்று.

தொட்டிகள் தப்பியதால் மட்டும் பிரிட்டிஷ் கப்பற்படை திருகோணமலையில் தங்கிவிடவில்லை. அது ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கிளிந்தினிக்கும் பம்பாய்க்கும் பின்வாங்கிற்று. கிடங்கு இருந்தும் காவல் இல்லையேல் பயனில்லை என்பது உண்மையே. ஆயினும் இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது கிடங்கு காத்திருந்தது. 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட விமானந்தாங்கிகளே பாலெம்பாங் ஆலைகளைத் தாக்கி எரித்தன.

இப்பெரும் போரின் வெப்பம் தனுவச்சபுரம் போன்ற ஊர்களின் திண்ணைவரை வந்தது. தென்னிந்தியாவின் மண்ணெண்ணெய் விளக்குகளுக்குப் பர்மா முக்கியமான ஊற்று. 1942 மார்ச்சில் இரங்கூன் விழுந்தது. அதற்கு முன்பே சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரலில் ஏனங்யாங் எண்ணெய்க் கிணறுகளையும் ஆங்கிலேயர் தம் கையாலேயே அழித்தனர். எதிரிக்கு ஒரு துளியும் கிடைக்கக்கூடாது என்பது நோக்கம். இலட்சக்கணக்கான இந்தியர், அவர்களுள் தமிழர் பலர், மலைவழியே நடந்து திரும்பினர். எல்லோரும் திரும்பவில்லை. அதே வேளையில் பர்மா அரிசியும் நின்றது. வெளியரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர் மரச்சீனிக் கிழங்கைக் கொண்டு பசியாறிற்று. மண்ணெண்ணெய் பங்கீட்டுக்கு வந்தது. நாட்டுப்புறத்தில் புன்னைக்காய் எண்ணெய் மீண்டும் விளக்கேறியது. இரவுவழி நடப்போர் தென்னோலைச் சூட்டைக் கொளுத்தினர். பெட்ரோல் படைக்குப் போய்விட்டதால், முதுகில் கரியடுப்பைச் சுமந்த பஸ்கள் கரிவாயுவால் ஓடின. மேட்டில் அவை மூச்சுத்திணறியதையும் பயணிகள் இறங்கித் தள்ளியதையும் முதியோர் சிரிப்போடு சொல்லுவர். சிரிப்புக்குரியதுதான், எனினும் வண்டி ஓடிற்று. ஒரே எண்ணெயைப் படையும் குடிமக்களும் பங்கிட வேண்டிய நாளில், குடிமகனின் அடுப்புத்தான் முதலில் அணைகிறது. போர் நூல்கள் இதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

திறந்தவெளி ஆகாது, சிதறி வைத்தால் நன்று, மண்ணுக்குள் வைத்தால் இன்னும் நன்று என்ற எண்ணத்தால், அமெரிக்கர் ஹவாய்த் தீவில் செம்மலைக்குள் 20 பெருந்தொட்டிகளைக் குடைந்து அமைத்தனர். 1943இல் வேலை முடிந்தது. குண்டுக்கு அவை அஞ்சவில்லை. ஆனால் 2021 நவம்பரில் அங்கிருந்து கசிந்த விமான எண்ணெய், படைக்குடும்பங்கள் குடிக்கும் நீரில் கலந்தது. மறு ஆண்டு அக்கிடங்கை மூடும்படி பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. பகைவன் எண்பது ஆண்டுகளில் செய்யாததைக் கவனக்குறைவு செய்துவிட்டது.

நம் நாடும் பாறைக்குள் எண்ணெய் வைத்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் 13 லட்சத்து 30 ஆயிரம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பி மாவட்டத்துப் பாடூரில் 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் குகைகள் குடையப்பட்டுள்ளன. முழுதும் நிரம்பினால் நாட்டின் தேவைக்கு ஏறத்தாழ ஒன்பதரை நாள் போதும் என்பது அரசாங்கக் கணக்கு. கச்சா எண்ணெய் அப்படியே விமானத்துக்கும் டாங்கிக்கும் ஊற்றக்கூடியதன்று. அதைக் காய்ச்சும் ஆலைகள் பூமிக்கு மேலேதான் நிற்கின்றன. குகையைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

லடாக்கில் நிற்கும் படைக்கோ எண்ணெயைக் காட்டிலும் அதைக் கொண்டுசேர்க்கும் சாலையே கவலை. சோஜிலாக் கணவாய் பனியால் மூடுமுன், கோடைமாதங்களிலேயே குளிர்காலத்துக்கான டீசலையும் மண்ணெண்ணெயையும் மேலேற்றியாக வேண்டும். ரேடாரும் தகவல் கருவிகளும் மின்சாரமின்றி ஓரடி நகரா, மின்சாரத்துக்கு டீசல் எந்திரம், டீசலுக்கு லாரி, லாரிக்குச் சாலை. இச்சங்கிலியின் கண்ணி ஒன்றையேனும் குறைக்கும் முயற்சியாக, 2024இல் சுஷூலில் தேசிய அனல்மின் கழகம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பகலில் வெயிலிலிருந்து பெறும் மின்சாரத்தில் மிஞ்சியதைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிரித்துச் சேமித்து, இரவில் அவ்வாயுவிலிருந்து மீண்டும் மின்சாரம் பெறுவது அதன் முறை. அளவு 200 கிலோவாட். பெரும்படைக்கு இது சிறு விளக்கே. ஆயினும் லாரிக்காகக் காத்திராத விளக்கு.

திருகோணமலைத் தொட்டிகளோ இன்னும் நிற்கின்றன. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்படிக்கையை ஒட்டிப் பரிமாறிய கடிதங்களிலேயே அவற்றை இருநாடும் சேர்ந்து செப்பனிடும் பேச்சு இருந்தது. 2003இல் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளை அங்கே கால்வைத்தது. 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி, எஞ்சியுள்ள 99 தொட்டிகளில் 14 அக்கிளையிடமும், 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த புதிய கம்பெனியிடமும் பிரிந்தன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. மேற்பகுதித் தொட்டிகளிற் பல நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்து, அவற்றைச் சுற்றிலும் காடு மண்டிவிட்டது. தூர நின்று பார்த்தால் இரும்பு எது, மரம் எது என்று தெரியாது. கட்டியவர்கள் விரும்பியதும் அதுவே.